அரிசி வரிசைக்கு எழுதிய தொடர்கதை

கெடு வைக்காவிட்டால் என் பேனா ஒரு வரி நகராது. பிறவிக் குணம், என்ன செய்ய. யுத்தத்துக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் வியாழக்கிழமை கேட்டால் புதன்கிழமை சாயங்காலம்தான் காகிதத்தைத் தேடுவேன். ஜப்பான்காரன் வந்தான், பத்திரிகை நின்றது, நானும் நின்றுபோனேன். மலாக்காவில், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு துணிக்கடையில் எனக்குக் கணக்கு வேலை. விற்கத் துணியே இல்லாத கடை. நாள் முழுக்க ஈ ஓட்டியும் ஒரு பத்தி தேறவில்லை. அந்தக் கடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி மேல் எரிந்து விழுவேன்.

ஒரு நாள் அவள் பொறுமை போய்விட்டது.

“கெடு இருந்தாத்தான் எழுதுவீங்களா? இந்தாங்க கெடு. வாராவாரம் அரிசி நாளுக்கு ஒரு அத்தியாயம். வரிசையில நின்னு படிக்கணும். எழுதலைன்னா, எழுதலைன்னு எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லணும்.”

“கிழங்கு தின்னுட்டு நிக்கிறவங்க கதை கேப்பாங்களா?”

“கேக்காம எங்க போவாங்க? இடத்த விட்டா அரிசி போயிடும்ல.”

காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாயே பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங்கில் ஒரு பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். பங்கீட்டுக் கடை பக்கத்திலேயே. விடிந்ததும் வரிசை பிடித்தால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை நிற்க வேண்டும். பழைய ரசீதுகளின் முதுகில் எழுதிக்கொண்டு போய்ப் படித்தேன். மலாக்காவிலிருந்து சரக்குப் படகில் போனவன் புயலில் சிக்கி, துறைமுகம் துறைமுகமாக அலைந்து வீடு திரும்பப் பார்க்கிற கதை. எங்களோடு வரிசையில் நிற்கும் வீட்டுச் சொந்தக்கார அம்மாளுக்குச் சாமி கும்பிடுகிற சில வார்த்தைகள் தவிரத் தமிழ் தெரியாது. அதனால் நான் முடித்ததும் அதே அத்தியாயத்தை என் மனைவி மலாயில் சொல்வாள். அந்த அம்மாள் “லாகி, லாகி”, இன்னும் இன்னும் என்று கேட்பார்.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பாள். அவள் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை. அவள் தமிழிலும் கேட்பாள், மறுபடி மலாயிலும் கேட்பாள். “படகுக்காரரு எதுவரைக்கும் வந்திருக்காருண்ணே?” என்று நான் காகிதத்தைப் பிரிக்கும் முன்பே விசாரிப்பாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். எழுத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

ஒரு வாரம் ஒன்றுமே ஓடவில்லை. மறுநாள் அரிசி நாள். கெடுவுக்குப் பயந்து படகுக்காரனைக் கடலில் மூழ்கடித்தேன். வேலையும் முடிந்தது, சோகமும் கிடைத்தது. காலையில் குரலை இறக்கி உருக்கமாகப் படித்தேன். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரிசை நகர்ந்தது, அவள் நகரவில்லை.

என் மனைவி என் பக்கம் திரும்பாமல் மலாயில் ஆரம்பித்தாள். படகுக்காரன் கையில் ஒரு பலகை அகப்பட்டதாம். கரை ஒதுங்கினானாம். மீன் பிடிக்கிறவர்கள் கஞ்சி ஊற்றினார்களாம்.

“என்ன உளர்ற?” என்று பல்லைக் கடித்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வரிசை இரண்டு பட்டது. தமிழில் கேட்டவர்கள் செத்துவிட்டான் என்றார்கள். மலாயில் கேட்டவர்கள் பிழைத்துவிட்டான் என்றார்கள். அந்தப் பெண் எழுந்து சாரோங்கைத் தட்டிக்கொண்டாள்.

“மலாய்ல சொன்னதுதான் சரி,” என்றாள். “அண்ணன் அவசரத்துல எழுதிட்டாரு.”

இத்தனை வருஷத்தில் என் கதைக்கு வந்த விமர்சனங்களில் இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறு யாருமில்லை. வழியெல்லாம் மனைவியிடம் சண்டை போட்டேன். “அவ முகத்தப் பாத்தீங்களா இல்லையா?” என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன பலகையிலிருந்தே கதையைத் தொடர்ந்தேன்.

அதிலிருந்து அரிசி நாள் மத்தியானமே அடுத்த அத்தியாயத்தைத் தொடங்கிவிடுவேன். கடைசி நாள் வரை விட்டுவைக்கப் பயம். படகுக்காரனைக் கொல்லவும் முடியாது, வீட்டுக்குக் கூட்டிவரவும் தைரியமில்லை. அவள் வீட்டு ஆள் வராமல் இவன் மட்டும் வந்து சேர்ந்தால் அவள் எப்படித் தாங்குவாள்? ஆற்றைக் கடந்தான், தோட்டத்தில் வேலை செய்தான், காய்ச்சலில் படுத்து எழுந்தான். நிறுத்த வழியில்லாமல் எழுதினேன். அவ்வளவு எழுதியது என் வாழ்நாளில் அப்போதுதான். சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது.

ஜப்பான்காரன் போனான். அரிசி வரிசை போகவில்லை, கதையும் போகவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலையில் வரிசையில் அவளைக் காணோம். எனக்குப் படிக்கவே மனமில்லை. காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெயில் ஏறியபின் வந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, எலும்பும் தோலுமாக ஒருவர் நடந்து வந்தார். நிழலில் அவரை உட்காரவைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

“இனிமே நீங்க எப்படி வேணும்னாலும் முடிச்சுக்குங்கண்ணே,” என்றாள்.