வடக்கு பார்த்த வாசல்

எங்கள் விளாங்குடி மனைக்கு அப்போது கரண்டு வரவில்லை. அதற்காக நிலை வைக்கும் விசேஷத்துக்குப் பாட்டு இல்லாமல் முடியுமா? மைக் செட்டுக்காரர் கார் பாட்டரியை வாசலுக்கு வெளியே வைத்து, சிவப்பு வயரை நிலைப்படி உட்காரப்போகிற இடத்துக்கு அடியிலும் கறுப்பு வயரை ஜன்னலுக்கான சந்திலும் விட்டு, உள்ளே இருந்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். குழாய் ரேடியோவில் பாட்டு அலறியது.

கொத்தனார் நிலையை நிறுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து முடித்ததும், என் மாமனார் சந்தையில் வாங்கிய திசைகாட்டியை மடியிலிருந்து எடுத்துப் படிமேல் வைத்தார். ஊசி வாசலுக்கு நேராக இல்லை, கோணிக்கொண்டு நின்றது.

"வாசல் வடக்கு பாக்கல. நிலையப் புடுங்கு."

"நூல் புடிச்சுத்தேன் வச்சேன் அய்யா," என்றார் கொத்தனார், பாவம்.

"புடுங்குன்னா புடுங்கு."

அடுத்து மார்கழி, நல்ல காரியம் கிடையாது. ஒரு மாதம் தள்ளினால் கூரை போடுவதற்குள் வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் எங்களைத் தெருவில் நிறுத்திவிடுவார். என் வீட்டுக்காரரோ அப்பா முன்னால் வாயில் கொழுக்கட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டென்மார்க்கில் ஒரு பேராசிரியர் வகுப்பு நடத்தும்போது, கரண்டு ஓடிய வயருக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி லேசாக அசைந்தது. மின்சாரம் வேறு, காந்தம் வேறு என்று நினைத்திருந்த காலம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அவர் மட்டும் ஊசியைப் பழிக்காமல் வயரைப் பார்த்தார். இதை வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிற டீச்சர் நான். எனக்கே கடப்பாரை வந்த பிறகுதான் படிக்கு அடியில் ஓடுகிற சிவப்பு வயர் நினைவுக்கு வந்தது.

"அண்ணே, பாட்ட நிப்பாட்டுங்க."

பாட்டு நின்றது. ஊசி ஆடி ஆடி, வாசல் பார்த்த திசைக்கே வந்து நின்றது. மாமனார் நம்பவில்லை. மூன்று தடவை போட்டு நிறுத்தச் சொன்னார். மூன்று தடவையும் ஊசி விலகிப் போய்த் திரும்பி வந்தது.

"யாரும்மா இதக் கண்டுபுடிச்சது?"

"வெளிநாட்டு வாத்தியார் ஒருத்தர், மாமா. நூத்தம்பது வருசத்துக்கு முந்தி."

"அந்தாளு வீட்டு நிலையயும் அவுக அப்பன் புடுங்கப் பாத்தானாக்கும்," என்றபடி திசைகாட்டியை மடியில் செருகிக்கொண்டார். கடப்பாரையை ஓரமாகப் போடச் சொன்னார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வாசற்படியில் உட்காரும் பெண்களை ஊரெல்லாம் விரட்டுகிற மனிதர் அவர். நினைவு வந்ததும் பதறி எழுந்தேன்.

"உக்காருத்தா," என்றார். "ஒன் வாசப்படிதான."