பின்னோக்கி ஓடிய சித்தப்பா

வேகமாக ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்பக்கமாக அதே வேகத்தில் ஓடிய ஒரே ஆள் என் சித்தப்பாதான். திரும்பிப் பார்க்க மாட்டார், கால் தடுக்காது. கண்கள் மட்டும் எதிரே இருப்பதைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

மண்டபத்தூரில் எங்களுக்குக் கரைவலை. படகில் போய் வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு, கரையில் நின்று கயிற்றை இழுக்க வேண்டும். கடலைப் பார்த்தபடி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னாலேயே நடக்க வேண்டும். மணல்மேட்டை எட்டியதும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்து மறுபடி பிடிக்க வேண்டும். சித்தப்பா நடை பழகியதே அந்தக் கயிற்றில்தான் என்பாள் அம்மா.

பன்னிரண்டாம் வகுப்பில் அவர் பள்ளிக் கால்பந்து அணியில் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆள். எனக்கு எட்டு வயது. உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அந்த வருஷம் பாண்டிச்சேரிக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் எங்கள் பள்ளி ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கக் காரைக்காலுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் படிப்பு, விடுதி, அணி எல்லாவற்றிலும் இடம். அதை அப்பாவிடம் சொல்லச் சித்தப்பாவுக்கு மூன்று நாள் ஆனது.

"நீ போயிட்டா கயித்துல உன் எடத்துல யாருடா நிக்கிறது?"

"தெரியலண்ணே."

"இதக்கூட யோசிக்காமத்தான் வந்து கேக்குறியா?" அப்பா கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, நானே வந்து பாக்குறேன். பயந்து ஓடுனேன்னு வையி, மறுநாளு இங்கதான் நிப்ப."

இதில் பெரிய சிக்கல், அப்பா அதுவரை ஒரு கால்பந்து ஆட்டம்கூடப் பார்த்ததில்லை.

சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணியின் நெட்டையன் பந்தோடு நேராகச் சித்தப்பாவைப் பார்த்து வந்தான். சித்தப்பா பின்னால் போனார். அவன் வர வர, போய்க்கொண்டே இருந்தார்.

"எறா! எறா! பின்னாடியே போறான் பாரு, எறா!" என்று கூட்டம் கத்தியது. இறால்தான் பயந்தால் பின்பக்கமாகத் துள்ளும்.

"டேய், அப்புடியே கோலுக்குள்ள போயி படுத்துராதடா!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். "சித்தப்பா பயப்படலப்பா" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய குதிகால் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன.

"ஓடல பாப்பா அவன்" என்றார் மெதுவாக. "இழுக்குறான்."

அப்புறம்தான் எனக்கும் தெரிந்தது. நெட்டையன் தானாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மைதானத்தின் மூலைக்கு வந்துகொண்டிருந்தான். திரும்ப இடமில்லாத கோட்டோரத்தில் சித்தப்பாவின் கால் ஒருமுறை நீண்டது. பந்து இவரிடம். உடனே ஓர் ஓட்டம்! மணல்மேட்டிலிருந்து தண்ணீருக்கு ஓடுவாரே, அதே ஓட்டம். நாலு பேரைத் தாண்டிப் பாதி மைதானம் கடந்துவிட்டார். எறா என்று கத்திய வாய்களெல்லாம் திறந்தபடியே நின்றன.

"விடாத! கயித்த விடாத!" என்று அலறினார் அப்பா. சுற்றி நின்றவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் வந்து கேட்டார்: "இந்தப் பையனுக்குப் பின்னால ஓடச் சொல்லிக்குடுத்தது யாருங்க?"

அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "மீனுதாங்க."

சித்தப்பா பாண்டிச்சேரிக்குப் புறப்பட்ட காலையில் வலை கடலில் கிடந்தது. கயிற்றை யாரும் விட முடியாது. சித்தப்பாவின் இடத்தில் அன்று அப்பாவே நின்றார். தகரப் பெட்டியை அம்மா முன்னாலேயே ரோட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"வர்றேண்ணே."

"ம். பஸ்ஸ விட்றாத." கடலைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

சித்தப்பா பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். கடலையும் கயிற்றையும் அப்பாவின் முதுகையும் பார்த்துக்கொண்டே மணல்மேடு வரை ஒருமுறைகூடத் திரும்பாமல் போனார். போகும்போதும் எனக்காக வித்தை காட்டுகிறாரே என்று பூரித்துப்போய் நான் கைதட்டிக்கொண்டே கூட ஓடினேன். மேட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அப்பா கயிற்றை விடாமல் நின்றார். "அண்ணே, விடுங்க" என்று மற்றவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

சித்தப்பாவின் கையில் கயிறே இல்லையே, பிறகு ஏன் அப்படி நடந்து போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.