கொந்த்ரோல் என்றால் கட்டுப்பாடு இல்லை

கல்யாணத்துக்குப் பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து பிரெஞ்சு படித்தவள் நான். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நான் பிரெஞ்சில் வாயைத் திறந்தால் போதும், பேப்பருக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், அணுகுண்டுச் சோதனைத் தடையைப் பற்றிப் பேச ஒரு பிரெஞ்சு அம்மா முத்தியால்பேட்டை மண்டபத்துக்கு வந்தார். மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். முந்திக்கொண்டு கை தூக்கினேன். மாமனாரை முன்வரிசையில் உட்கார வைத்ததும் நான்தான். அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கியே தீருவது என்ற வெறி.

முதல் பத்து நிமிடம் தடங்கலில்லாமல் போனது. பூமிக்கடியில் ரகசியமாக வெடித்தாலும் அதிர்வு காட்டிக்கொடுத்துவிடும் என்றார் அந்த அம்மா. சந்தேகம் வந்தால் பல நாட்டு நிபுணர்கள் நேரில் வந்து 'கொந்த்ரோல்' செய்வார்கள் என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிலீஷ் கன்ட்ரோல்தான். "வெளிநாட்டுக்காரர்கள் வந்து நம் இடத்தைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்வார்கள்" என்று கணீரென்று சொல்லிவிட்டேன்.

மண்டபம் கொதித்தது. மில்லில் வேலை பார்த்த ஒருவர் எழுந்து, "ஒரு தபா பிரெஞ்சுக்காரங்கள ஊர விட்டு அனுப்பி வெச்சது பத்தாதா? மறுபடி கூப்ட்டு சாவிய குடுக்கணுமா?" என்றார். பிரெஞ்சு அம்மா ஒன்றும் புரியாமல் விழித்தார்.

மாமனார் எழுந்தார். "கொந்த்ரோல்னா கட்டுப்பாடு இல்லபா, சரிபாக்கறது. பாரீசு ரயில்ல டிக்கெட்டு பாக்கறவனும் கொந்த்ரோலர்தான். அவன் இன்னா, ரயிலயே எடுத்துக்கினு போயிட்றானா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் மைக்கை விடவில்லை.

"தப்பு என்னுதுதான். இனிமே தப்பா சொன்னா எங்க மாமா கைய தூக்குவாரு. அப்ப என்ன நம்புவீங்களா?"

மில்காரர் யோசித்தார். "அவரு பாத்துக்கறாருன்னா சரி" என்று உட்கார்ந்தார்.

நடந்ததைப் பிரெஞ்சில் சொன்னதும் அந்த அம்மா கை தட்டினார். சரிபார்க்க ஒருவர் இருந்தால்தான் நம்பிக்கை வரும், தான் சொல்ல வந்ததே இதைத்தானாம்.

அதன் பிறகு வாக்கியத்துக்கு வாக்கியம் முன்வரிசையை ஒரு பார்வை பார்த்தேன். இரண்டு முறை கை எழுந்தது. இரண்டும் நியாயம்தான், திருத்திக்கொண்டேன். அப்புறம் எழவே இல்லை. கூட்டம் முடிந்து பார்த்தால், மனுஷர் தலையைச் சாய்த்து நல்ல தூக்கம்.

ஆட்டோவில் ஏறியதும் விட்டேனா? "கொந்த்ரோல் பண்ணச் சொன்னா தூங்கறீங்களே மாமா?"

"பாதி வரைக்கும் பாத்தேம்மா. அப்பறம் நீ சரியாதான் சொல்லினு இருந்த. நான் இன்னாத்துக்கு முழிச்சினு இருக்கணும்?"