தடித்துக்கொண்டே வந்த தொட்டி

இரும்பு வளராது. ஆனால் மலேசியாவில், செமோர் ஊர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில், காற்றடைக்கும் தொட்டியின் அடிப்பாகம் ஆண்டுக்காண்டு தடித்துக்கொண்டே வந்தது. அளந்து எழுதியவள் நான்தான்.

பழைய ரப்பர் எஸ்டேட்டில், ரப்பரைப் புகைபோட்டு உலர்த்திய புகைக்கூடத்தில் அந்தப் பட்டறை நடக்கிறது. சுவர்கள் இன்னும் கறுப்பு. கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தொட்டியில் முதுகைச் சாய்த்துத்தான் சாப்பிடுவார். வெதுவெதுப்பு முதுகுவலிக்கு நல்லதாம்.

இரும்பின் கனத்தை ஒலியால் அளப்பது என் வேலை. களிம்பு தடவிக் கருவியின் முனையை வைத்தால், ஒலி உள்ளே போய் மறுபக்கம் மோதித் திரும்பும். அதற்கு எடுக்கும் நேரத்தை வைத்துக் கருவி கனத்தைச் சொல்லும். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத்தான் வைக்க வேண்டும். ஆனால் அண்ணன் ஆயுத பூஜைதோறும் தொட்டிக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்து, அடியில் சந்தனப் பொட்டு வைப்பார்.

"சாமி பொட்டுமா. சுரண்டிடாத."

மறுத்துப் பேசக் கூச்சம். ஆறு ஆண்டுகள் பெயிண்டின் மேலேயே அளந்தேன். எண் கூடியபோது யாரிடமும் கேட்கவில்லை. அவருக்கோ ஒரே சிரிப்பு. "நம்ம கை ராசிலா! இரும்பே சதை போடுது."

இந்த ஆண்டு கம்பெனியில் புதுக் கருவி கொடுத்தார்கள். ஒலி எப்போது திரும்புகிறது என்பதோடு, அலை நிமிர்ந்து வருகிறதா, தலைகீழாக வருகிறதா என்றும் அது பார்க்கும். பெயிண்டைத் தாண்டி இரும்பில் பட்டுத் திரும்புவது நிமிர்ந்து வரும். இரும்பின் மறுபக்கத்துக் காற்றில் பட்டுத் திரும்புவது கவிழ்ந்து வரும். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள நேரம்தான் இரும்பின் கனம்.

திரையில் நிமிர்ந்த அலை தாமதமாக வந்தது. அதை ஒட்டியே, மூச்சு விட இடமில்லாமல், கவிழ்ந்த அலை. நான்கு இடங்களில் வைத்துப் பார்த்தேன். உள்ளே தேங்கும் தண்ணீர் இரும்பைத் தின்ன, வெளியே பெயிண்ட் வளர்ந்திருக்கிறது. என் விரலுக்கும் அடைபட்ட காற்றுக்கும் நடுவே இரும்பு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. தொட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

"எவ்வளோ கூடுச்சு தங்கச்சி?" சாய்ந்தபடியே கேட்டார்.

"கூடலண்ணே. மெதுவா எந்திரிங்க."

"ஏன், பாம்பா?"

"நீங்க சாஞ்சிருக்கிறது பெயிண்டுலண்ணே. இரும்பு போச்சு."

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கதவோரம் போய் சுவிட்சை அணைத்தார். தொட்டியின் அடியிலிருக்கும் குழாயைத் திறக்கத் திரும்பியவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கிட்ட போவாதீங்க, வெடிச்சிரும். அந்தக் கோடில இருக்கிற காத்து ஹோஸ திறந்து விடுங்க."

காற்று இறங்கும்வரை வெளியே நின்றோம். அவர் தொட்டிக்குக் கேட்டுவிடும் என்பதுபோல் மெல்லப் பேசினார்.

"நேத்துகூட அதுல சாஞ்சி தூங்கினேன்மா."

ஈப்போவில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குத் திரும்பியதும், ஆறு ஆண்டு அளவுகளும் தவறு என்று மேலாளரிடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. "வேற எங்கெல்லாம் பெயிண்டு மேல வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தாளை எடுத்து உட்கார்ந்தேன். பத்து காஜா ஊரில் இரண்டு தொட்டி, தெலுக் இந்தானில் ஒன்று என்று தொடங்கினேன். எழுத எழுத, ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் யாரோ நிற்பது நினைவுக்கு வந்தது. இடம் போதாமல் தாளின் மறுபக்கத்தைத் திருப்பினேன்.