திரையில் ஆடியது யார்

மருத்துவமனையில் அவருக்கு 'நிறுத்து' என்றே பட்டப்பெயர். வயிற்றுக்குள் இருக்கும் கட்டியைக் கத்தியே வைக்காமல், ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவித்துச் சுட்டு அழிக்கும் அறை அவருடையது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கும் ஸ்கேன் திரையைக் கண்கொட்டாமல் பார்ப்பதுதான் அவர் வேலை. குறி இம்மி நகர்ந்தாலும் நல்ல சதை வெந்துவிடும். உடனே "நிறுத்து!" என்று கத்திப் பொத்தானை அமுக்கிவிடுவார். நோயாளி தும்மினால் போதும், திருடனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அன்று கட்டிலில் படுத்திருந்தது அவர் மனைவி. கர்ப்பப்பையில் கட்டி. வேறு ஆளைப் போடுகிறேன் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மனுஷர் கேட்டால்தானே! ஒற்றைக் காலில் நின்று அனுமதி வாங்கி, கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இது பலிக்காவிட்டால் ஆபரேஷன்தான். கத்தி என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும்.

சூடு ஏறத் தொடங்கியதும் திரையில் கட்டி நடுங்கியது.

"நிறுத்து! அசையாதே!"

"நான் எங்கங்க அசைஞ்சேன்?"

மறுபடியும் நடுக்கம். "நிறுத்து! சிரிக்கிறியா?"

"இப்ப எனக்குச் சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்!"

மூன்றாம் தடவையும் அதே கதை. "இப்படியே போனா ஆபரேஷனுக்குத்தான் தேதி குறிக்கணும்" என்றார் டாக்டரம்மா. சற்று நேரம் சும்மா கிடக்கத் தெரியாதா இவளுக்கு என்று நிறுத்துக்கு ஆத்திரம்.

அவள் கண்ணை மூடி எதையோ கவனித்தாள். "ஏங்க, உங்க இடது கால் எங்க இருக்கு?"

குனிந்து பார்த்தார். பாதம் கட்டில் காலில் ஊன்றி, தையல் மிஷின் மிதிப்பதுபோல் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இத்தனை வருஷமா இந்த ரூம்ல இவர் காலாட்டி நான் பார்த்ததே இல்லையே!" என்றார் டாக்டரம்மா.

"கவலை வந்தாத்தான் ஆட்டுவாரு. வாயால ஒண்ணுமில்லம்பாரு, கால் காட்டிக் குடுத்துடும். காலாட்டாதீங்கன்னா, எங்க ஆட்டுறேன்னு சண்டைக்கு வருவாரு. இப்ப மிஷினே சாட்சி சொல்லிடுச்சு!"

நிறுத்து மெல்ல எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டார். "பயமா இருக்கு" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் வாயால் அவள் கேட்டிராத வார்த்தை அது.

மிச்ச நேரம் முழுக்க நின்றுகொண்டே பார்த்தார். திரையில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

"முடிஞ்சுதும்மா. கத்தி வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

நிறுத்து பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தானாக ஆடத் தொடங்கியது. சட்டென்று முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்தார்.

"விடுங்க" என்றாள் அவள். "இப்ப ஆட்டிக்கோங்க."