செல்லாயியை வளர்த்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. உறவினரும் தோட்டத்து மக்களும் கூடும் இந்நாளில் அவருடைய வாழ்க்கையை நாலு பக்கம் எழுதி எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் மச்சான், கேட்டுக்கொண்டார். அக்காவை 'ஆனை ஆயா' என்று அறிந்தவர்கள் ஹட்டன் வரை இருக்கிறார்கள். அவரைப் பற்றிய கதைகளும் பல உலவுகின்றன. காட்டு யானைக் கூட்டமே அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாகப் பஸ்ஸில் ஒருவர் என்னிடமே சொன்னார். அப்படியெல்லாம் எதுவும் இல்லை. கூட இருந்து பார்த்தவன் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். எங்கள் தாயார் காலமானபோது அவருக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்றரை. என்னை முதுகில் கட்டிக்கொண்டே சமைத்தார், தண்ணீர் சுமந்தார். பிறகு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கவும் போனார். தமக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்று என்னை ஹட்டனில் படிக்கவைத்தார். மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டு, பொகவந்தலாவைக்கு மேலே காட்டு எல்லையில் இருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் பிடிவாதம் தளரவில்லை.

அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண்குழந்தை மூன்று மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்த வருடம் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை காலியானது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. "அத்தனை புள்ளைங்க சத்தத்த உன்னால தாங்க முடியுமா புள்ள?" என்று மச்சான் கேட்டார். "சத்தமில்லாம இருக்கறதத்தான் தாங்க முடியல" என்று சொல்லி அக்கா அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் இதே தோட்டத்துப் பாடசாலைக்கு ஆசிரியராக வந்து அவர்கள் வீட்டிலேயே தங்கினேன்.

அந்த வருட மழையில் காட்டோரம் மண் சரிந்தது. சரிவில் விழுந்து ஒரு தாய் யானை இறந்துகிடந்தது. அதன் குட்டி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதது, மேல்மலை வடிகால் கானுக்குள் மாட்டிக்கொண்டு கத்தியது. ஆட்கள் கயிறு கட்டித் தூக்கி, பால் இருக்கும் இடமென்று பிள்ளைக்காம்பராவுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவிலிருந்து பசும்பால் வந்தது. அக்கா காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார். குட்டி ஆவலாகக் குடித்தது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். மறுநாள் வயிறு போகத் தொடங்கியது. பசிக்கிறதென்று மேலும் பால் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை.

பலாங்கொடைப் பக்கம் மரம் இழுக்கும் யானைகளை வைத்திருந்த குணபால என்ற பாகனுக்குத் துரை ஆள் அனுப்பியிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. மனிதர் நல்லவர், தெரிந்த தமிழில் மெதுவாகத்தான் சொன்னார்: "ஆயாம்மா, மாட்டுப் பால் ஆனைக்குட்டிக்கு ஒத்துக்காது. கஞ்சித் தண்ணி, தேங்காப் பால், கொஞ்சம் உப்பு. அதுதான் குடுக்கணும்."

அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம், "பசிச்சு அழுத புள்ளைக்கு வெசத்த ஊத்திட்டேனேடா தம்பி" என்றார். "தெரியாமத்தானேக்கா" என்றேன். "அதுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியாதுன்னு?" என்று கேட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அக்கம்பக்கத்தில் யாரோ சுட்டதில் இன்னொரு தாய் யானை செத்தது. ஆறு மாதப் பெண்குட்டி ஒன்று, முன்னங்காலில் காயத்தோடு எங்கள் தேயிலைக்குள் திரிந்தது. துரை அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பக்கத்தில் நிற்க, அக்கா துரையிடம் நேராகவே சொன்னார்:

"வேணாங்க தொரை. ஒன்ன கொன்னது போதும்."

"ஆயா, நீ பாக்கலைன்னா இதுவும் சாகும்" என்றார் துரை.

அக்கா திரும்பி நடந்தார். அதைப் பிடித்துக் கட்டியிருந்த கொட்டிலைத் தாண்டும்போது குட்டி தும்பிக்கையை நீட்டி அவருடைய முழங்கையைப் பிடித்து, வாய்க்குள் வைத்துச் சப்பத் தொடங்கியது. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. சப்ப விட்டபடியே என்னிடம், "தம்பி, பலாங்கொடைக்காரருக்கு ஒரு கடிதாசி எழுதி ஆள்கிட்ட குடுத்தனுப்பு. என்னென்ன குடுக்கணும், எவ்வளவு குடுக்கணும்னு ஒண்ணுவிடாம கேளு" என்றார். அதுவரை தமக்குத் தெரிந்ததை வைத்து அவர் எதையும் ஊட்டவில்லை. குணபால நேரில் வந்து சொன்ன பிறகே கஞ்சி காய்ச்சினார். இடையில் ஒன்றரை நாள், உப்புப் போட்ட வெந்நீர் மட்டும்.

அந்தக் குட்டிக்குத்தான் செல்லாயி என்று பெயர் வைத்தார்.

கஞ்சி தயாராகிவிட்டது, ஆனால் செல்லாயி குடிக்க மறுத்தது. மூங்கில் குழாயில் ஊற்றிக் கொடுத்தால் துப்பியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி போகிற இடமெல்லாம் தும்பிக்கையை மேலே தூக்கி எதன்மேலாவது சாய்க்கப் பார்த்தது. சுவரில் சாய்த்தது, மச்சானின் முதுகில் சாய்த்தது. அக்கா தம்முடைய பழைய கம்பளியை நனைத்துக் கொட்டிலின் குறுக்குக் கம்பில் தொங்கவிட்டார். செல்லாயி அதன்கீழே போய் நின்று, தும்பிக்கையைக் கம்பளிமேல் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தது. "அம்மா வயித்துக்கடியில நிக்கறதா நெனைக்குது" என்றார் அக்கா. அன்றைக்கு ஒரு பானைக் கஞ்சி இறங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டின் நேரமெல்லாம் செல்லாயியின் நேரம்தான். விடியற்காலை வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே முதல் பானை. மூன்று மணி நேரத்துக்கொரு தடவை அடுத்தது. தேங்காயை ஹட்டனில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் சாக்குச் சாக்காக லொறியில் ஏற்றி அனுப்புவார். காதோரத் தோல் குளிரில் வெடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். காயத்துக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட வேண்டும். வெயில் வந்தால் மட்டும் ஆற்றில் குளிப்பாட்டு. மழை நாளில் வெந்நீரில் துடைப்பு. சாக்குகளைச் சேர்த்து நடுவில் வைக்கோல் வைத்து அக்கா ஒரு சட்டை தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு செல்லாயி நடந்தால் கொழுந்துப் பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிப்பார்கள். தனியே விட்டால் தூங்காது. அக்காவும் மச்சானும் முறைவைத்து அதன் பக்கத்தில் படுத்தார்கள். மச்சான் படுத்தால் காலால் தட்டி எழுப்பி, வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்க்குமாம். "நான் உனக்கு ஆகாதவனா?" என்று அதனுடன் சண்டை போடுவார்.

பகலில் அக்காவைப் பிரிந்து இருக்காததால் பிள்ளைக்காம்பரா வாசலிலேயே நிற்கும். உள்ளே வரிசையாகத் தொங்கும் தொட்டில்களைத் தும்பிக்கையால் மெல்ல ஆட்டும். ஒருநாள் ஒரு தொட்டிலைக் கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டது. முடிச்சு அவிழ்ந்து குழந்தை கீழே விழுந்தது. கீழே சாக்கு விரித்திருந்ததால் காயமில்லை. ஆனாலும் தாய்மார் பயந்ததில் தவறென்ன? ஆனையை அனுப்பாவிட்டால் பிள்ளைகளைக் கொண்டுவரமாட்டோம் என்றார்கள். துரைக்கு மனு எழுதிக்கொடுக்க ஆள் தேடினார்கள்.

இதை இந்த நினைவு மலரில் எழுதத்தான் வேண்டும். அந்த மனுவை எழுதிக் கொடுத்தவன் நான். அவர்கள் கேட்டது நியாயம் என்று எனக்குத் தோன்றியது. அதோடு, அக்காவின் உடம்பு தேய்வதைக் காணவும் எனக்குச் சகிக்கவில்லை. அக்காவிடம் சொல்லும் துணிவு மட்டும் வரவில்லை. துரை மனுவை அக்காவிடமே காட்டிவிட்டார். எழுத்துக்கூட்டி வாசிக்க நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். அன்று மாலை எனக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, "எழுத்து அழகா இருக்குடா தம்பி" என்றார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுநாளே அக்கா அந்தத் தாய்மாரைக் கூட்டி, "உங்க புள்ளைங்க எனக்கு மொதல்ல. அது ரெண்டாவதுதான்" என்று சொல்லி, கொட்டிலை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மேட்டுக்கு மாற்றினார். மூன்று மணி நேரத்துக்கொரு தடவை அந்த ஏற்றத்தில் பானையைச் சுமந்து ஏறி இறங்கினார். முதல் வாரம் அவர் தனியாகச் சுமந்தார். அடுத்த வாரம், அன்று விழுந்த குழந்தையின் தாயே வந்து ஒரு பானையை வாங்கிக்கொண்டார்.

செல்லாயிக்கு நாலு வயதானபோது அது தேயிலைச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டது. இனி வைத்திருக்க முடியாது என்று துரை சொன்னபோது அக்கா மறுக்கவில்லை. யாரிடம் அனுப்புவது என்பதை மட்டும் தாம் சொல்ல விரும்பினார். குணபாலவிடம் வயதான பெண் யானை ஒன்று இருந்தது. "அதுக்கு ஆனை தொணை வேணும். நான் ஆனை இல்லையே" என்றார்.

லொறியில் ஏற்றப் பார்த்தார்கள், ஏறவில்லை. ஆகவே பலாங்கொடைக்கு நடத்தியே கொண்டுபோனோம். முன்னால் குணபால, நடுவில் செல்லாயி, அதன் காதைப் பிடித்தபடி அக்கா, பின்னால் மச்சானும் நானும். குணபால சிங்களத்தில் எத்தனை அதட்டினாலும் அதற்குப் புரியவில்லை. "ஆயாம்மா, நான்தான் தமிழ் படிக்கணும் போல" என்றார். நில்லு, வா, வேணாம், போதும், படு என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தோம். பெரிய யானை வந்து செல்லாயியை முகர்ந்தது. செல்லாயி அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், அக்கா எங்களை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். பின்னால் அது கத்தியது எங்களுக்குக் கேட்டது. பஸ் ஏறும்வரை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஏழெட்டு வருடம் அவர் அங்கே போகவே இல்லை. குணபால எத்தனையோ முறை கூப்பிட்டார். "போனா பின்னாலயே வந்துரும். பழகினத கெடுக்கக் கூடாது" என்பார்.

சென்ற வருடம் நோய் இன்னதென்று டாக்டர் சொன்ன பிறகுதான், "ஒருதரம் பாத்துட்டு வருவோம்டா" என்றார். அந்த நாளில் மச்சானின் கவலை வேறு. இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டிருந்ததால், யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று லயமெல்லாம் பேச்சு. அக்கா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை.

ஆற்றங்கரையில் செல்லாயி புல் தின்றுகொண்டிருந்தது. எங்கள் தலைக்குமேல் உயரம். அக்கா சற்று எட்டவே நின்று, மெதுவாகத்தான் கூப்பிட்டார். தின்றதை நிறுத்தியது. வந்தது. தும்பிக்கையால் அக்காவின் தலை, முகம், தோள், கை, பாதம் எல்லாவற்றையும் முகர்ந்து, முழங்கையில் வந்து நின்றது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு உறுமல் எழுந்தது. எங்கள் காலடி மண்ணிலேயே அதை உணர்ந்தோம். அக்கா அதன் நெற்றியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் போனதும் செல்லாயி திரும்பி, பெரிய யானை நின்ற இடத்துக்குத் தானாகவே நடந்துபோய் மறுபடியும் புல்லை எடுத்தது.

அக்காவுக்குக் கண்ணீர் வழிந்தது, சிரிக்கவும் செய்தார். "பாத்தியாடா தம்பி, போயிருச்சு. நல்லாத்தான் வளத்திருக்கேன்."

அதற்கு ஏழாவது வாரம், ஒரு நண்பகலில், மச்சான் மடியில் தலைவைத்தபடி அக்கா கண்மூடினார்.

அவர் படுக்கையில் இருந்த நாளில் முறைவைத்து வந்து துவைத்தும் துடைத்தும் கஞ்சி ஊட்டியும் பார்த்துக்கொண்ட கொழுந்துப் பெண்களுக்கும், மருந்து கொடுத்த டாக்டர் ஐயாவுக்கும், மழையில் பாடை சுமந்த இளைஞர்களுக்கும், செய்தி கேட்டுக் கடையை மூடிவிட்டு ஹட்டனிலிருந்து வந்து நின்ற முஸ்லிம் பெரியவருக்கும், பலாங்கொடையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து எங்களோடு சுடுகாடு வரை நடந்த குணபாலவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. விடுபட்ட பெயர்கள் என் மறதி, மன்னிக்க வேண்டும்.

இன்று பிள்ளைக்காம்பரா முற்றத்தில் பந்தி போட்டிருக்கிறோம். வந்தவர் எவரும் சாப்பிடாமல் போகக் கூடாது. பிள்ளைகள் முதலில் உட்காரட்டும். பெரியவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.