பச்சைச் சுவரும் ஆறு பட்டை அட்டையும்

பூதலூரில் ஸ்டுடியோ வைத்திருந்த மீரா உசேன் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஷார்ஜாவில் ஒரு போட்டோ லேபில் பதினான்கு வருஷம் பிரிண்ட் போட்டதில் கண்தான் அவருக்குப் பட்டம். ஒரு முகத்தில் சிவப்பு துளி கூடினாலும் சொல்லிவிடுவார். ஊர் திரும்பிக் கடை போட்டவர், சுவர் பூராவும் பளபளவென்று பச்சை அடித்தார். புது லேப்டாப் வாங்கினார். அதில்தான் அந்தக் கண்ணுக்குச் சோதனை வந்தது.

கோவிந்தராசு மகள் குந்தவையின் கல்யாண ஆல்பம் திருச்சி பிரஸ்ஸிலிருந்து வந்திருந்தது. லேப்டாப்பில் லட்சணமாக இருந்த பெண், தாளில் ரோஸாக இருந்தாள். அரக்குக் கூறைப்புடவை சாயம் போன துண்டு மாதிரி கிடந்தது.

“பாய், நான் கட்டிக்குடுத்தது பொண்ணையா, ரோஸ் மில்க்கையா?” என்றார் கோவிந்தராசு.

“ஸ்க்ரீன்ல பாத்துப் பாத்துத்தான் கலர் திருத்துனேன், அதுல சரியாத்தான் இருந்துச்சுண்ணே.”

“சனிக்கிழமை சிங்கப்பூர் போறா. அவ கையோட கொண்டுபோறது இது ஒண்ணுதான்.”

வியாழன் மதியத்துக்குள் திருத்திய பைல் பிரஸ்ஸுக்குப் போனால்தான் வெள்ளி சாயங்காலம் புது ஆல்பம் கைக்கு வரும். மீரா உசேன் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். லேப்டாப் திரைக்கான டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டார். கலர் சரிசெய்யும் பக்கத்தைத் திறந்து கோடுகளை நகர்த்தினார். திரையில் பச்சை அடிக்கிறதே என்று படத்திலும் பச்சையைக் குறைத்தார். குறைக்கக் குறைக்க, சோதித்துப் பார்த்த பிரிண்டில் குந்தவை இன்னும் ரோஸானாள். கண் போய்விட்டதோ என்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தார்.

வியாழன் காலை வயலிலிருந்து நேராக வந்த கோவிந்தராசு, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க சுவத்துப் பச்சதான் அதுல அடிக்குது பாய்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்தார். வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஆறு பட்டை.

“யூரியா போடறதுக்கு முன்னாடி நெல்லு இலைய இதுல வச்சுப் பாப்போம். வெயிலுக்கு முதுகக் காட்டி, நம்ம நெழல்ல வச்சுத்தான் பாக்கணும். வெயில்ல புடிச்சா பொய் சொல்லும். கடைசி வரைக்கும் ஒரே ஆளுதான் பாக்கணும்.”

மீரா உசேன் வீட்டுக்குப் போய், மனைவி ஹமீதா பானு வெளுத்து வைத்திருந்த நாலு வெள்ளை வேட்டியை எடுத்துவந்து சுவரை மறைத்துக் கட்டினார். நகர்த்திய கோடுகளையெல்லாம் பழையபடி வைத்தார். அந்த அட்டையையே படமெடுத்துத் திரையில் போட்டார். அட்டையைப் பக்கத்தில் பிடித்தார்.

“நாலாவது சரி. மூணாவது கொஞ்சம் வெளுக்கணும்,” என்றார் கோவிந்தராசு.

மீரா உசேனுக்கு அட்டையிலும் திரையிலும் ஒரே பச்சையாகவே தெரிந்தது. கலர்க் கோட்டை மயிரிழை நகர்த்தினார்.

“அதிகம். கொஞ்சம் பின்னுக்கு வாங்க. ஆங், நில்லுங்க.”

குந்தவையின் திருத்தாத மூலப் படத்தைத் திறந்தார். மாநிறம். அவள் நிறமேதான். பதினான்கு வருஷம் எத்தனையோ நாட்டு முகங்களைப் பார்த்த கண், சேற்றுக் கால்களோடு நின்ற அந்த மனிதரை அண்ணாந்து பார்த்தது. இந்த ஆள் ஒரு பச்சைக்குள் எத்தனை பச்சை பார்க்கிறார்.

வெள்ளி சாயங்காலம் ஆல்பம் வந்தது. கோவிந்தராசு அதைக் கடைக்குள் வைத்துப் பிரிக்கவில்லை. வாசலில் இறங்கி, மேற்கு வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழலில் வைத்துத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இதான் எம்பொண்ணு.”